எந்தப் பக்கம் நீங்க?

அமெரிக்கக் கறுப்பின மக்களைப் பற்றி நான் முதலில் படித்தது விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில், சூளை ஆறுவதற்காகக் காத்துக்கிடந்த ஒரு ராத்திரி ஷிப்டில். புத்தகம் 'ஏழு தலைமுறைகள்'. அலெக்ஸ் ஹேலியின் 'வேர்கள்' நாவலை ஏ.ஜி. எத்திராஜுலு சுருக்க வடிவில் தமிழில் தந்தது. அட்டை போன அந்தப் பிரதியை எனக்குக் கொடுத்தவர் சூளையில் சரக்கு அடுக்குகிற நண்பர், காலனிக்காரர். நான் வார்ப்புப் பிரிவில் இருந்தேன். பிளாஸ்டர் அச்சில் களிக்கூழை ஊற்றி, இறுகியதும் கவிழ்த்து எடுக்கிற வேலை. இரண்டு பேருக்கும் ஒரே வயது. அவர் என்னை 'வாங்க தோழர்' என்பார். நான் அவரை 'வாடா' என்பேன். எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை, சிநேகம் என்று நினைத்துக்கொண்டேன். வெகுகாலம் அவரைப் பற்றிப் பேசினாலும் எழுதினாலும் 'அவன்'தான். இங்கே 'அவர்' என்று எழுதுவது முப்பது வருடம் பிந்தி வருகிற திருத்தம்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. 1991 அம்பேத்கர் நூற்றாண்டு. 1992இல் பாமாவின் 'கருக்கு'. 1994இல் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்'. சிறுபத்திரிகைக்காரர்களாகிய நாம் கறுப்பு இலக்கியத்தின் கையைப் பிடித்துக்கொண்டுதான் தலித் இலக்கியத்துக்குள் நுழைந்தோம். இந்திரனின் 'அறைக்குள் வந்த ஆப்பிரிக்க வானம்' 1982லேயே வந்திருந்தது. பம்பாயில் 1972இல் தோன்றிய தலித் பேந்தர்ஸ், 1966இல் ஓக்லண்டில் தோன்றிய கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து பெயரை எடுத்துக்கொண்டது. கொடுக்கல் வாங்கல் இதைவிடப் பழசு. ஜோதிராவ் ஃபுலே தம் 'குலாம்கிரி'யை 1873இல் அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். 1946இல் அம்பேத்கர், கறுப்பர்கள் ஐ.நா.விடம் கொடுத்த மனுவின் நகலைக் கேட்டு டு பாய்ஸுக்கு எழுதினார், அவரும் பதில் போட்டார். ஆகவே ஒப்பீடே தவறு என்று சொல்ல வரவில்லை. ஒப்பிட்டபோது நாம் எதைப் பார்த்தோம் என்பதுதான் என் சங்கடம். சவுக்கைப் பார்த்தோம், தூக்கில் தொங்கிய உடலைப் பார்த்தோம், எரிந்த குடிசையைப் பார்த்தோம். 1968 கீழ்வெண்மணி, 1978 விழுப்புரம் என்று தேதி வரிசையாக மனப்பாடம் ஆயிற்று. ஒரு கொடூரத்துக்கும் அடுத்த கொடூரத்துக்கும் நடுவே கிடக்கிற சாதாரண நாட்களை, அதாவது டீ குடிக்கிற, பத்திரிகை வைக்கிற, வாடகைக்கு வீடு கேட்கிற, ரெண்டு பேருமாய்ச் சேர்ந்து சூளை இறக்குகிற நாட்களை, விட்டுவிட்டோம். சாதி குடியிருப்பது அந்த நாட்களில்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

எங்கள் ஊர்ச் சரக்கை வைத்தே பேசலாம். நெய்வேலிப் பக்கத்துக் களிமண்ணும் ரயில் சந்திப்பும் இருந்ததால் வந்த தொழில் இது. மின்சாரத்துக்கு ஃபியூஸ் கேரியர், இன்சுலேட்டர், வீட்டுக்கு ஊறுகாய் ஜாடி, கப், கார்த்திகைக்கு அகல், நவராத்திரிக்குக் கொலு பொம்மை. கழிவுநீர் போகிற ஸ்டோன்வேர் குழாயும் இங்கே செய்யப்பட்டதுதான். கொலு வைக்கிற வழக்கமே இல்லாத வீடுகளிலிருந்து வரும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கல்யாண செட்டுக்கும் தசாவதார செட்டுக்கும் வர்ணம் தீட்டுவார்கள். பெருமாளுக்கு நீலம், தாயாருக்கு ரோஸ். கறுப்பு வர்ணக் கிண்ணம் தலைமுடிக்கும் மீசைக்கும் கண்ணுக்கும்தான். தோலுக்குக் கறுப்பு அநேகமாக வருவதில்லை. தீட்டுகிறவர்களின் கை மட்டும் கறுப்பு.

இந்த வரிசையைப் பார்க்கும்போதெல்லாம் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதியின் பொம்மைச் சோதனை ஞாபகம் வரும். 1940களில் கறுப்புக் குழந்தைகள் முன்னால் நிறம் மட்டுமே வேறான பொம்மைகளை வைத்து, எது நல்ல பொம்மை, எது கெட்ட பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் நல்லது என்று வெள்ளைப் பொம்மையைக் காட்டின. கடைசியாக, 'உன்னை மாதிரி இருப்பது எது' என்று கேட்டபோது சில குழந்தைகள் அழுதுவிட்டன. பள்ளிக்கூடத்தில் இனப்பிரிவினை செல்லாது என்ற 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பு, பிரவுன் வழக்கில், இந்த ஆய்வையும் அடிக்குறிப்பில் ஏற்றுக்கொண்டது. ஒரு பொம்மை சட்டத்தை அசைத்தது.

அந்தச் சோதனையை விருத்தாசலத்தில் செய்து பாருங்கள். செய்ய முடியாது. எந்த நிறத்தில் எதைத் தீட்டி முன்னால் வைப்பீர்கள்? ஊர்த்தெருப் பையனும் காலனிப் பையனும் ஒரே கறுப்பு. ஒரே வெயிலில் ஒரே முந்திரிக்காட்டில் காய்ந்த தோல். 'கறுத்த பார்ப்பானையும் சிவத்த பறையனையும் நம்பாதே' என்று ஒரு பழமொழி உண்டே, அது நிறத்தைப் பற்றியதல்ல. நிறம் காட்டிக்கொடுக்க மறுக்கிறதே என்ற பதற்றத்தைப் பற்றியது. இனம் கண்ணுக்குத் தெரிவது, அல்லது தெரிவதாக அமெரிக்கச் சமூகம் நம்புவது. சாதி தெரியாது. ஆகவே அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்வி இப்படி வரும்: 'எந்தப் பக்கம் நீங்க?' ஊர்ப் பெயர் சொன்னால் போதாது. 'அந்த ஊர்ல எங்க? மாரியாத்தா கோயிலுக்கு இந்தாண்டயா அந்தாண்டயா?' 'அப்ப இன்னாரைத் தெரியுமே?' 'ஓ, அவுங்க வூட்டுக்கு என்ன வேணும் நீங்க?' நாலாவது கேள்வியில் ஆள் பிடிபட்டுவிடுவான். கேட்பவர் முகத்தில் பகை எதுவும் இருக்காது. பெஞ்சில் இடம் விட்டுக்கொண்டே கேட்பார், பீடி நெருப்புக் கொடுத்துக்கொண்டே கேட்பார். விசாரிப்பது நம் பண்பாடு அல்லவா? அதிகாரம் பற்றி ஃபூக்கோவை மேற்கோள் காட்டி நாம் எழுதிய பக்கங்களில் இந்தக் குசலம் விசாரிப்பு இடம்பெற்றதா என்று நினைவில்லை. நான் எழுதியவற்றில் இல்லை. என்னை யாரும் நாலாவது கேள்வி வரைக்கும் கொண்டுபோனதில்லை. முதல் பதிலிலேயே 'நம்ம ஆளுதான்' என்று விட்டுவிடுவார்கள். நான் படையாச்சி வீட்டுப் பிள்ளை. இதை இவ்வளவு தூரம் எழுதிய பிறகே சொல்லத் தோன்றுகிறது என்பதையும் வாசகர் குறித்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் பலகை இருந்தது. 'வெள்ளையருக்கு', 'நிறத்தவருக்கு' என்று தண்ணீர்க் குழாய்க்கு மேலே எழுதிவைத்தார்கள். 1960 பிப்ரவரி 1ஆம் தேதி வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் நாலு கறுப்பு மாணவர்கள் வுல்வொர்த் கடைக்குள் போய், சில்லறைச் சாமான் வாங்கி, ரசீதையும் வாங்கிவைத்துக்கொண்டு, அதே கடையின் சாப்பாட்டு மேடையில் உட்கார்ந்து காபி கேட்டார்கள். சாமான் விற்ற கடை காபி தரவில்லை. மறுநாளும் வந்து உட்கார்ந்தார்கள், கூட்டம் பெருகிற்று. ஜூலை மாதம் அந்த மேடை எல்லோருக்கும் திறந்தது. பலகை இருந்ததால் அதன் முன்னால் போய் உட்கார முடிந்தது என்று தோன்றுகிறது.

நமக்கும் சட்டம் உண்டு. 1950இலிருந்து அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு, 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம், 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். கொட்டாங்குச்சி போய் அலுமினிய டம்ளர் வந்தது. இரட்டைக் குவளைக்கு எதிராகப் போராட்டங்கள் நடந்தன, வழக்குகள் போடப்பட்டன. பிறகு ஒருநாள் பேப்பர் கப் வந்தது. குடித்துவிட்டுத் தூக்கிப்போடு. எல்லோருக்கும் ஒரே கப், யாரும் யாருடைய எச்சிலையும் கழுவ வேண்டியதில்லை. சில கடைகளில் ஊர்க்காரருக்குக் கண்ணாடி கிளாஸ், 'வெளியாளுக்கு' பேப்பர் கப் என்றும் ஆயிற்று. கேட்டால், 'ஒங்களுக்கு சுத்தமா இருக்கட்டும்னுதான் தம்பி.' எதன் முன்னால் போய் உட்கார்வது? பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பை 2019 சனவரி 1 முதல் தமிழக அரசு தடைசெய்தது, சுற்றுச்சூழலுக்காக.

இப்போது என் வீட்டுக் கப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1995 என்று நினைவு, ஐப்பசி மழை. புத்தகம் திருப்பிக் கொடுக்க நண்பர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அதுதான் முதல் தடவை. என் அம்மா, 'வாப்பா, நனஞ்சிட்டு நிக்கிறியே' என்று திண்ணையில் உட்காரச் சொல்லி டீ போட்டுக்கொடுத்தாள். பீங்கான் கப்பில். எங்கள் வீட்டில் டீ எவர்சில்வர் டம்ளரில்தான் குடிப்போம். அந்தக் கப் நான் வார்த்தது. கிளேஸில் ஊசிமுனை ஓட்டை விழுந்து செகண்ட்ஸாக ஒதுக்கியதை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். எனக்குச் சந்தோஷம், என் கைவேலையில் நண்பர் டீ குடிக்கிறாரென்று. குடித்து முடித்ததும் அவர் எழுந்துபோய் வாசல் குழாயில் கப்பைக் கழுவி, திண்ணை ஓரத்தில் கவிழ்த்துவைத்தார். விருந்தாளியின் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். நாலு நாள் கழித்து மாட்டுக்கொட்டகை எறவாணத்தில் அந்தக் கப் சொருகியிருந்ததைப் பார்த்தேன்.

மறு வருஷம் சூளைக் கதவில் அவர் கை வெந்துபோனபோது கண்ணீர் விட்டவளும் என் அம்மாதான். எண்ணெய் காய்ச்சி என்னிடம் கொடுத்தனுப்பினாள், ரெண்டு மாசம், விடாமல். அந்த ரெண்டு மாசமும் கப் எறவாணத்திலேயே இருந்தது. நான் எடுக்கவில்லை. அம்மாவிடம் கேட்கவும் இல்லை. 'மற்றமை' பற்றி அந்த வருஷம் ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன், நல்ல கட்டுரை என்று சொன்னார்கள்.

இனவெறியை வெறுப்பு என்று புரிந்துகொள்கிற வழக்கம் நமக்கு அமெரிக்க வரலாற்றை மேலோட்டமாகப் படித்ததிலிருந்து வந்தது. வெறுப்பைத் தேடினால் என் அம்மாவிடம் கிடைக்காது. அவளுடைய பிரியம் உண்மை. அந்தப் பிரியம் எல்லையைச் சுற்றிக்கொண்டு போகத் தெரிந்த பிரியம். மண் பாத்திரம் தீட்டை உறிஞ்சும், உடைத்தெறிய வேண்டும். உலோகத்தைத் தேய்த்தால் போகும் என்று சாஸ்திரங்கள் பிரித்துவைத்தன. கிளேஸ் போட்டு 1,200 டிகிரிக்கு மேல் சுட்ட பீங்கான் எதையும் உறிஞ்சாது. அந்தக் கப்பை ஏற்றி இறக்கிய எங்களுக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன?

இந்த இடத்தில் 'கோவேறு கழுதைகள்' நாவலைத் திரும்பப் படிக்க வேண்டியிருக்கிறது. வந்த காலத்தில் அது தலித்துகளைக் கொடுமைக்காரர்களாகக் காட்டுகிறது, எதிரிக்கு ஆயுதம் தருகிறது என்று தலித் விமர்சகர்கள் சிலர் கடுமையாக மறுத்தார்கள். எங்கள் வட்டத்திலும் அதையே சொன்னோம், ஊர்க்காரர்களான நாங்கள் கொஞ்சம் உரக்கவே சொன்னோம். ஆரோக்கியம் காலனிக்குத் துணி வெளுக்கிறவள். பறையர் வீடுகளின் அழுக்கையும் தீட்டுத் துணியையும் சுமக்கிறாள், அந்தியில் வீடு வீடாகப் போய்ச் சோறு எடுக்கிறாள். சோறு அவர்களிடமிருந்து அவளுக்கு வரும். அவளிடமிருந்து அவர்களுக்குப் போகாது. களத்தில் நெல் அளக்கும்போது ஏமாற்றுகிறவர்களும், அவள் வீட்டுக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாக்குக் கொடுக்கிறவர்களும் ஒரே ஆட்கள்தான். வெள்ளை/கறுப்பு, ஒடுக்குபவர்/ஒடுக்கப்பட்டவர் என்ற இருமை எதிர்வை மனதில் வைத்துப் படித்த எங்களுக்கு இந்தப் பிரதி பிழையாகத் தெரிந்தது. அம்பேத்கர் 'படிநிலைப்பட்ட சமத்துவமின்மை' என்று பெயர்வைத்துச் சொன்னதைத்தான் நாவல் சோற்றுச் சட்டியாகவும் துணி மூட்டையாகவும் காட்டியது. ஒவ்வொரு படியிலும் மேலே பார்த்துக் குமுறவும் கீழே பார்த்து ஆறுதல்பட்டுக்கொள்ளவும் ஓர் இடம் உண்டு. இதற்கு நேரான ஒன்றை இனம் பற்றிய சொல்லாடலில் நான் காணவில்லை. நாவலின் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது: அந்தப் படிகளைக் கட்டிவைத்த ஊர்த்தெரு அதில் தூரத்துப் புகையாகவே நிற்கிறது. அதனால்தான் ஊர்க்காரன் அதை நிம்மதியாகப் படிக்க முடிகிறது. நான் நிம்மதியாகத்தான் படித்தேன்.

ஆய்வுலகம் இரு பக்கமும் சாய்ந்திருக்கிறது. 1940களில் அமெரிக்கத் தெற்கை ஆராய்ந்த சிலர் அங்கே இருப்பதும் ஒரு சாதி அமைப்பே என்றார்கள். கறுப்பின அறிஞரான ஆலிவர் காக்ஸ் 1948இல் எழுதிய நூலில் அதை மறுத்தார். சாதியில் கீழே இருப்பவர் தன் இடத்தை ஏற்றுக்கொண்டுவிடுகிறார். இனத்தில் அப்படியில்லை, அது முதலாளியம் பெற்ற பகைமை என்பது அவர் வாதம். 'சாதி ஒழிப்பு' 1936லேயே அச்சாகிவிட்டது, மகாத் குளத்தில் 1927லேயே தண்ணீர் மொண்டாயிற்று. காக்ஸ் சாதியைக் குறித்து எழுதியது மேலே இருந்தவர்களின் ஏட்டைப் படித்துத்தான். 2020இல் இசபெல் வில்கர்சன், இனத்துக்கு அடியில் ஓடுவது சாதியே என்று புத்தகம் எழுதினார். அமெரிக்கர்களுக்கு அது பயன்பட்டிருக்கும். அவர்களுக்குச் சாதி ஒரு உருவகம். எறவாணத்துக் கப்பை உருவகமாக வைத்துக்கொள்ள எனக்கு வசதியில்லை.

2003 ஜூலை 8ஆம் தேதி, எங்கள் ஊருக்குப் பக்கத்தில் புதுக்கூரைப்பேட்டையில், முருகேசன் கண்ணகி இருவரையும் விஷம் ஊற்றிக் கொன்று எரித்தார்கள். முருகேசன் பொறியியல் படித்த தலித் இளைஞர். கண்ணகி வன்னியர். அந்த மே மாதம்தான் கடலூரில் பதிவுத் திருமணம் செய்திருந்தார்கள். உள்ளூர்க் காவல்துறை போட்ட வழக்கில் முருகேசனின் சொந்தக்காரர்களும் குற்றவாளிகளாகச் சேர்க்கப்பட்டிருந்தார்கள், இரு பக்கமும் அவரவர் பிள்ளையைக் கொன்றதுபோல. வழக்கு சிபிஐக்குப் போய், 2021 செப்டம்பரில் கடலூர் நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்றது. அதில் இருவர் காவல்துறைக்காரர்கள். கண்ணகியின் அண்ணனுக்கு விதித்த தூக்கை 2022இல் உயர்நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்தது.

கொலை நடந்த வாரம் தொழிற்பேட்டையில் யாரும் பேசவில்லை. பேசாமல் எல்லோரும் வழக்கம்போல் வேலை பார்த்தோம். சரக்கு ஏற்றினோம், சரக்கு இறக்கினோம். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் அன்றாடம் ஒரே மரத்தடியில் உட்காருகிற ஆட்கள் ரெண்டு மரத்தடியில் உட்கார்ந்தோம். யாரும் சொல்லவில்லை, தானாக நடந்தது. நான் எந்த மரத்தடிக்குப் போனேன் என்று நண்பர் இன்றுவரை கேட்டதில்லை.

இமையம் 2012இல் எழுதிய 'பெத்தவன்' இந்த மௌனத்துக்குள்ளிருந்து வந்த கதை என்பேன். தலித் இளைஞனை விரும்பிய மகளைக் கொல்லும்படி ஊர் ஒரு தகப்பனிடம் வாக்கு வாங்குகிறது. அவன் ஒப்புக்கொண்டுவிட்டு, ராத்திரியில் அவளை அனுப்பிவிட்டு, தான் சாகிறான். வாக்கு வாங்க வருகிறவர்கள் அந்நியர்களல்ல, உறவுமுறை சொல்லிக் கூப்பிடுகிற சனங்கள். ஊர்த்தெரு இங்கே தூரத்துப் புகையல்ல, வாசலில் வந்து நிற்கிறது. முந்தைய நாவலில் விடுபட்ட இடத்தை இந்தச் சின்னக் கதை நிரப்புகிறது. தகப்பனைத் தியாகியாக்கி ஊர்க்காரனுக்கு அழுதுகொள்ள ஒரு வழி விட்டுவிட்டது என்ற புகாரும் எனக்கு உண்டு. புதுக்கூரைப்பேட்டையில் அப்படியொருத்தரும் கிளம்பி வரவில்லை.

கேள்வி இப்போது கடல் தாண்டிவிட்டது. 2020இல் கலிபோர்னிய மாநில அரசுத் துறை, தலித் பொறியாளர் ஒருவரைச் சாதி பார்த்து நடத்தியதாக சிஸ்கோ நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. தனிநபர்கள் இருவர் மீதான புகாரை 2023இல் கைவிட்டது. நிறுவனத்தின் மீதான வழக்கை விடவில்லை. அதே 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. கலிபோர்னியச் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை அக்டோபரில் ஆளுநர் திருப்பி அனுப்பினார், இருக்கிற சட்டமே போதும் என்று. வெள்ளையர் கண்ணுக்கு எல்லோரும் ஒரே மாநிறம். அந்த மாநிறத்துக்குள்ளே, முதுகில் தட்டிக்கொடுப்பதுபோல் பூணூலைத் தடவிப் பார்ப்பதும், மரக்கறிதானே சாப்பிடுவீங்க என்பதும், நேட்டிவ் எது என்பதும் நடக்கிறதாகச் சொல்கிறார்கள். நம்முடைய 'எந்தப் பக்கம்' விசா வாங்கிக்கொண்டு போயிருக்கிறது.

2025 ஏப்ரல் 28ஆம் தேதி உச்சநீதிமன்றம் அந்த வழக்கில் தண்டனைகளை உறுதிசெய்தது. மறுநாள் காலை நண்பரும் நானும் தொழிற்பேட்டை டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். இருவருக்கும் தலை நரைத்துவிட்டது. முப்பது வருஷமாகக் கேட்காததைக் கேட்டேன்: எங்க வூட்டுக்கு வந்தப்ப கப்பக் கழுவி வச்சீங்களே, ஏன்?

"ஒங்கம்மா டீ நல்லா இருந்துச்சி தோழர்," என்றார். "கப்புதான் ஒங்க வார்ப்பு. பின்ஹோல் தெரிஞ்சுது."

மேலே பேசவில்லை. பேப்பரை மடித்து வைத்தார், முதல் பக்கம் உள்ளே போகிறமாதிரி. எதிர் பெஞ்சில் சரக்கெடுக்க வந்த ஒரு வியாபாரி, சேலம் பக்கத்து ஆள்போல, எங்களையே பார்த்துக்கொண்டிருந்தவர், சிநேகமாகச் சிரித்து நண்பரிடம் கேட்டார்: "அய்யா எந்தப் பக்கம்?"

"சூளப் பக்கம்," என்றார் நண்பர்.

"இல்ல, சொந்த ஊரு..."

"சூளதாங்க. அந்தாண்ட."

வியாபாரி என்னைப் பார்த்தார்.